பின்பக்கமாக இறங்கிய படிகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதியதைத் தவிர பெரிதாக எதையும் எழுதியதில்லை. மற்ற வாசகர்கள் வெள்ளத்தில் தப்பியதையும், ரயிலில் தொலைந்த நகை திரும்பக் கிடைத்ததையும் எழுதுகிறார்கள். என்னுடையது வெறும் கால் வலி. இதற்கெல்லாம் இடம் கொடுப்பார்களா என்று தெரியவில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கொரோனா வருவதற்கு முந்தின வருஷம், ஆடி மாதம். இடம், வியட்நாமில் ஹோ சி மின் நகரம். அந்தப் பெயரைப் பலகைகளில்தான் பார்த்தேன். எங்கள் சந்தில் எல்லாரும் சைகோன் என்றுதான் சொல்வார்கள்.

என் கணவர் வெல்டர். வுங் டாவ் பக்கம் கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடையில் வேலை. சில வாரம் கடலில், சில வாரம் கரையில். அதற்கு முன்னால் வளைகுடாவில் இருந்தார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது எல்லாம் அவருடைய லீவு நாட்களில்தான். நான் காரைக்காலுக்குப் பக்கத்தில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, பையனை வளர்த்துக்கொண்டு இருந்தேன். அவர்கள் காலமாகி, பையனும் வேலைக்குப் போன பிறகுதான், "நீ மட்டும் அங்க என்னா செய்யப்போற, இங்க வந்துடு" என்று கூப்பிட்டார். நாற்பத்தாறு வயதில் முதல் முறையாகத் தனிக்குடித்தனம். சிரிக்காதீர்கள், புதுப்பெண் மாதிரிதான் இருந்தது.

ஆனால் வந்த அன்றே அவர் ஒன்று சொல்லிவிட்டார். "நான் கடல்ல இருக்கறப்ப உனக்கு ஒடம்புக்கு ஏதாவது வந்தா, இங்க யாரு பாப்பாங்க? ஆஸ்பத்திரியில பேசக்கூட உனக்கு பாஷை தெரியாது. ஒண்ணுன்னா ஒடனே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிடுவேன், அப்பறம் அழக்கூடாது." அக்கறையில்தான் சொன்னார். இருந்தாலும் அன்றிலிருந்து தும்மல் வந்தால்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

நாங்கள் இருந்தது பின்தான் பகுதியில், ஒரு சந்துக்குள், மூன்றாவது மாடியில் ஓர் அறை. அந்த ஊர் வீடுகள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். படிக்கட்டு ஏணி மாதிரிச் செங்குத்தாக இருக்கும். கீழே வீட்டுக்காரம்மா. காலையில் சந்து முனையில் நூடுல்ஸ் சூப் விற்பார். அவரை நான் 'சீ' என்று கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வியட்நாம் மொழி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் அவருடைய போன் இருந்தது. அவர் போனிடம் பேசினால் அது தமிழில் ஏதோ சொல்லும். பாதி புரியும்.

ஆடி வெள்ளிக்கு அங்கே இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனேன். நகரத்தார் அந்தக் காலத்தில் கட்டிய கோயில் அது. நம் ஆட்கள் இப்போது நாலைந்து பேர்தான் வருவார்கள். கூட்டம் முழுக்க அந்த ஊர்க்காரர்கள். கை நிறைய ஊதுபத்தி பிடித்து மூன்று முறை குனிவார்கள். பிறகு பின்னால் போய்க் கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து, அம்மனிடம் காதோடு பேசுவதுபோலக் குசுகுசுவென்று வேண்டிக்கொள்வார்கள். பார்க்க எனக்குப் பிடிக்கும். அவர்களும் நம் ஆட்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று உற்றுப் பார்ப்பார்கள். அதுதான் எனக்குப் பிடிக்காது. யாராவது பார்த்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஓரத்தில் பிள்ளையார் இருந்தார். கூட்டமில்லை. தலையில் குட்டிக்கொண்டு, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். எப்போதும் மூன்று போடுவேன், அன்றைக்கு ஆடி வெள்ளி என்பதால் ஐந்து என்று மனதில் வைத்திருந்தேன். இரண்டாவது போடும்போது பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். பூப்போட்ட சட்டை, பூப்போட்ட பேன்ட். தலையில் ஹெல்மெட். பைக்கை நிறுத்தியவர் அதைக் கழற்ற மறந்திருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஊதுபத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் குறுக்காகக் கொண்டுபோனார். காது கிடைக்கவில்லை. ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. என் ஐந்து முடிந்தது. நிறுத்தலாம் என்று பார்த்தால் அவர் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார். நான் நிறுத்தினால், பூசை முடிந்துவிட்டது என்று அவரும் பாதியில் நிறுத்துவாரே. சாமி காரியத்தைப் பாதியில் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். அதற்குள் ஆபீஸ் உடுப்பில் ஒரு பெண் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்தாள். சரி, இவளுக்காகக் கொஞ்சம். மூன்று பேரும் ஒரே தாளத்தில் இறங்கி ஏறினோம். நான் ஓரக்கண்ணால் அவர்களைப் பார்ப்பேன், அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். ஹெல்மெட் அக்கா ஒவ்வொரு முறை எழும்போதும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எண்ணிக்கை எப்போதோ விட்டுப்போயிருந்தது. புடவைக்குள் வேர்வை ஆறாக ஓடியது. பிள்ளையாரப்பா, இவர்கள் எப்போது நிறுத்துவார்கள் என்று அவரிடமே வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் தீபாராதனை மணி அடித்தது. மூன்று பேரும் அப்படியே சன்னிதிப் பக்கம் திரும்பிவிட்டோம். ஹெல்மெட் அக்கா என் கையில் இரண்டு மங்குஸ்தான் பழத்தை வைத்துவிட்டுப் போனார். பஸ்ஸில் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, வேற்று ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்லிக்கொடுத்தோம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். காலில் கொஞ்சம் நடுக்கம். சாயங்காலம் அதுவும் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் தொடை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. வீடு துடைத்தேன், துணி துவைத்தேன், மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. இரண்டு தொடையும் மரக்கட்டை. தொட்டாலே வலி. கட்டில் விளிம்பைப் பிடித்து, சுவரைப் பிடித்து எழுந்தேன். பாத்ரூமில் உட்காரப் போனவள் உட்காரவில்லை, விழுந்தேன். ஒரு வாளித் தண்ணீரை நகர்த்துவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீங்கள் எல்லாரும் காரணத்தை இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் தோப்புக்கரணம் ஞாபகத்துக்கு வந்தது உண்மை. உடனே ஒதுக்கிவிட்டேன். குழந்தையிலிருந்து போடுவது, சாமிக்குப் போடுவது, அதனால் கெடுதல் வருமா? அதோடு அது வெள்ளிக்கிழமை நடந்தது. அதனால் வந்த வலி என்றால் வெள்ளிக்கிழமையே வலித்திருக்க வேண்டாமா? அம்மியில் இடித்துக்கொண்டால் அப்போதே வலிக்கிறது. நாளை மறுநாள் வலிக்கலாம் என்று வலி காத்துக்கொண்டா இருக்கும்?

எனக்கு வந்தது வேறு பயம். என் பெரியக்கா என் வயதில்தான் ஒரு நாள் காலையில் எழுந்து, கை விரல் மடங்கவில்லை என்றாள். பிறகு முழங்கால். சாயங்காலம் சரியாகிவிடும், காலையில் திரும்ப வரும். இன்றைக்கு அவளுக்கு யாராவது சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். வாதம், இது குடும்பத்தில் தொடரும் என்று அப்போது டாக்டர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. காலை நேரம், விறைப்பு, நாற்பத்தாறு வயது. எல்லாம் பொருந்தியது. அக்காவின் கட்டிலில் நான் படுத்திருப்பதுபோலவும், என் கணவர் திரும்பவும் தனியாகக் கடலுக்குப் போவதுபோலவும் தோன்றிவிட்டது. ஏழு மாசம்தான் ஆகியிருந்தது நான் வந்து.

அவர் திங்கள்கிழமை சாயங்காலம் கரைக்கு வர வேண்டும். அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. வலிக்கிற காலுக்கு ஓய்வு என்று படுத்தேன். அசையாமல் மத்தியானம் வரை கிடந்தேன். எழுந்தபோது முன்பைவிட மோசம். பால் வாங்கக் கீழே போய்த்தான் ஆக வேண்டும் என்று கிளம்பி, தட்டுத் தடுமாறிச் சந்து முனை வரை நடந்தேன். திரும்பி வரும்போது பாதி வலி இல்லை! சரியாகிவிட்டது என்று நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். எழுந்தால் மறுபடியும் மரக்கட்டை. படுத்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. இது என்ன தலைகீழ் வியாதி?

படிக்கட்டு இன்னும் குழப்பம். ஏறுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது. ஒவ்வொரு படியிலும் கால் மடங்கி விழப்பார்த்தது. ஏறத்தானே பலம் வேண்டும், இறங்குவதற்கு என்ன கேடு? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்து, கிணற்றில் இறங்குவதுபோலப் பின்பக்கமாக இறங்கினேன். வலி குறைவாக இருந்தது. அப்படி இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் வீட்டுக்காரம்மா கீழே நின்று பார்த்துவிட்டார்.

"சோய் ஓய்!" என்றார். நம் ஊரில் 'அட கடவுளே' என்போமே, அதுதான். அந்தச் சந்தில் ஒரு நாளைக்கு நூறு முறை அது காதில் விழும். முதலில் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். என்னைப்போலத் திரும்பி நின்று இரண்டு படி இறங்கிக் காட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். போனை எடுத்து அதனிடம் பேசினார். போன் சொன்னது: "உங்களைக் காற்று அடித்துவிட்டது."

எனக்குப் பகீரென்றது. காற்று அடித்தது என்றால் நம் ஊரில் பேய், பிசாசு என்றுதான் அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வாதம் போதாதென்று இதுவுமா? ஆனால் அவர் சொன்னது நம் வாயுப் பிடிப்பு மாதிரி ஏதோ ஒன்று என்று பிறகுதான் புரிந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் பச்சைத் தைலத்தைத் தடவி, ஒரு வெள்ளிக்காசால் பரக் பரக்கென்று சுரண்ட ஆரம்பித்துவிட்டார். சளி பிடித்தாலும் சரி, உடம்பு வலி என்றாலும் சரி, அங்கே எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வைத்தியமாம். சுரண்டும்போது எரிந்தது. முடித்ததும் முதுகு லேசாகி, மூக்கு திறந்து, அழகாகத் தூக்கம் வந்தது. தொடை மட்டும் அப்படியே இருந்தது. என் முதுகுக்கு ஒன்றுமே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கை கூப்பினேன்.

திங்கள்கிழமை வெந்நீர் வைத்துத் தொடையில் ஊற்றினேன். இதமாக இருந்தது. என் கணவருடைய கோடாலித் தைலத்தைப் பாதி பாட்டில் காலி செய்தேன். பிறகு அந்த வாசனையை மறைக்கச் சாம்பிராணி போட்டேன். சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்கு நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்காமலே சமாளிக்கலாம் என்று என் திட்டம்.

உள்ளே வந்தவர் மோந்து பார்த்தார். "என்னா, வீடு கோயிலும் ஆஸ்பத்திரியுமா மணக்குது?"

"வெள்ளிக்கெழம போட்ட சாம்பிராணிங்க."

"இன்னிக்கித் திங்கக்கெழம." பையை வைத்துவிட்டு என் பின்னால் போனவர் அப்படியே நின்றார். "இது என்னா கழுத்துல? யாரு அடிச்சது உன்ன?"

ரவிக்கைக்கு மேலே முதுகில் கோடு கோடாகச் சிவந்திருப்பது எனக்குத் தெரியாதே! வீட்டுக்காரம்மா காசு போட்டுத் தேய்த்தார் என்றேன். அவருக்கு மூச்சு வந்தது. "அட, அதுவா! எங்க மேடையில வாரத்துக்கு ஒருத்தன் சட்டையக் கழட்டிட்டு வரிக்குதிரை மாதிரி நிப்பான்." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அது சரி. ஒனக்கு எதுக்குத் தேச்சாங்க?"

"லேசா சளிங்க."

"சரி, பசிக்குது. சோத்தப் போடு."

நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். நான் எழுந்தேன். எழுந்த விதத்திலேயே எல்லாம் வெளியாகிவிட்டது. அவர் தானே சோற்றைப் போட்டு என் கையில் தட்டைக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, "எத்தன நாளா?" என்றார்.

"நேத்துலேந்துதாங்க."

"பெரியக்காவுக்கு வந்த மாதிரியா?"

அவரும் அதையே நினைத்திருக்கிறார். அவர் கைகழுவும் இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "புதங்கெழம ஆஸ்பத்திரி போவோம். என்னா சொல்றாங்கன்னு பாத்துட்டு டிக்கெட் போட்டுடறேன். ஊருல உன் தம்பி இருக்கான், பாத்துக்குவான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கி ஆடிச் செவ்வாங்க. ஒரு தடவ கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேனே" என்று மட்டும் கேட்டேன்.

"தனியா எப்புடிப் போவ? நானும் வர்றேன்."

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். இறங்கி மெதுவாக நடந்தோம். கோயில் வாசலில் நாலைந்து படிகள்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மலைத்துப்போனது. ஏறிவிடலாம், இறங்குவது எப்படி? இத்தனை பேர் முன்னால் பின்பக்கமாகவா?

அப்போது உள்ளேயிருந்து ஒருத்தர் வெளியே வந்தார். பூப்போட்ட சட்டை, தலையில் ஹெல்மெட். முதல் படியில் நின்று கீழே பார்த்தார். பிறகு திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஒரு கால் வைத்தார். "சோய் ஓய்..." அடுத்த கால். "சோய் ஓய்..."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் கடைசிப் படிக்கு வந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். மெதுவாகத் தன் தொடையில் கை வைத்தார். நான் என் தொடையில் கை வைத்தேன். அவர் கண் பெரிதாகியது. அடுத்து இரண்டு பேருக்கும் வந்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்தால் வலிக்கிறது, வலித்தால் சிரிப்பு வருகிறது. வாசலில் ஊதுபத்தி விற்கிறவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு முதல் முறையாக அதைப் பற்றிக் கவலை இல்லை.

என் கணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் வரும். அந்த அக்காவிடம் கேட்டார். அவர் படபடவென்று பொரிந்தார். என் கணவர் எனக்குச் சொன்னார்: "இவங்க தையக்காரம்மாவாம். ஞாயித்துக்கெழமலேந்து மெஷின் மிதிக்க முடியலயாம், வண்டியில கால் தூக்கிப்போட முடியலயாம். இன்னிக்கி மவ கொண்டாந்து விட்டிருக்கு. தையல் வேல போச்சோன்னு பயந்துபோய் அம்மன்கிட்ட கேக்க வந்தாங்களாம். இந்தியா சாமி இவ்வளவு கண்டிப்பான சாமியான்னு கேக்கறாங்க." என் பக்கம் திரும்பினார். "நீ என்னாடி செஞ்ச இவங்கள?"

சொன்னேன். வேறு வழியில்லை. காதைப் பிடித்து எப்படி என்றுகூடக் காட்டினேன்.

"எத்தன போட்ட?"

"தெரியாதுங்க. மணி அடிக்கிற வரைக்கும்."

"ஏன் நிறுத்தல?"

"அவங்க நிறுத்தலீங்களே!"

அவர் அதே கேள்வியை ஹெல்மெட் அக்காவிடம் கேட்டார். அவர் என்னை நோக்கி இரண்டு கையையும் நீட்டி ஏதோ சொன்னார். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நீதான் நிறுத்தலயாம். சாமி வூட்டு அம்மா நிறுத்தாதப்ப நாம எப்புடி நிறுத்தறதுன்னு போட்டாங்களாம்."

பிறகு அவர் என்னைக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், கூச்சப்படாமல் பதில் சொல்லச் சொல்லி மூன்று கேள்வி கேட்டார். காய்ச்சல் இருந்ததா, தொடை வீங்கியிருக்கிறதா, சிறுநீர் கறுப்பாகப் போகிறதா. கோயில் வாசலில் கேட்கிற கேள்வியா அது! இல்லை, இல்லை, இல்லை என்றேன். "அப்ப சரி. அது மட்டும் இருந்தா ஒடனே டாக்டரப் பாக்கணும்னு எங்க மேடை டாக்டர் சொல்லுவாரு" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். லீவு முடிந்து மேடைக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் ஆகுமாம். முதல் நாள் இரும்பு ஏணிகளில் ஜம்மென்று ஏறி இறங்குவார்கள். அன்றைக்கு ஒன்றும் இருக்காது. இரண்டாம் நாள்தான் 'ஐயோ அம்மா' என்று உட்காருவார்கள். பழக்கமில்லாத வேலை செய்த சதை உள்ளே கொஞ்சம் நொந்துபோயிருக்கும், அந்த நோவு முழுசாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடை ரொம்பப் பாடுபடுகிறது, அதனால் இறங்கும்போது வலி கூட. படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும். மெதுவாக நடக்க வேண்டும், வெந்நீர் விட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சில நாளில் தானாகப் போய்விடும். அடுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அவ்வளவுதான். "எங்கள்ல இதுக்கு ரெண்டாம் நாள் வலின்னே பேரு. ஞாயித்துக்கெழமயே போன்ல சொல்லியிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்" என்றார்.

"சொன்னா ஊருக்கு அனுப்பிடுவீங்க" என்றேன். அவர் ஹெல்மெட் அக்காவிடம் திரும்பி இதையெல்லாம் தனக்குத் தெரிந்த அந்த ஊர்ப் பேச்சிலும், பாதி கையாலும் விளக்கினார். அந்த அம்மா கேட்கக் கேட்க, இறுக்கிப் பிடித்திருந்த தோள் இறங்கியதைப் பார்த்தேன். அவருக்கும் என்னைப்போலத்தான் இரண்டு நாள் போயிருக்கும் போலிருக்கிறது.

மூன்று பேரும் பிள்ளையாரிடம் போனோம். ஹெல்மெட் அக்கா கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒற்றை விரலைக் காட்டினேன். அவரும் ஒற்றை விரலைக் காட்டினார். சுவரை ஒட்டி நின்று, முனகிக்கொண்டே, ஒன்றே ஒன்று போட்டோம். "ஒண்ணு. போதும், போதும்!" என்று பின்னாலிருந்து என் கணவர் சத்தம் போட்டார். இந்த முறை இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்தினோம்.

திரும்பும்போது பஸ்ஸில், "டிக்கெட் போடறேன்னீங்களே" என்று மெல்லக் கேட்டேன்.

"அதான் ரெண்டு டிக்கெட்டும் எடுத்தாச்சே, பஸ்ஸுக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் நிறுத்தத்தில் அவர் முன்னால் இறங்கினார். அப்போதுதான் கவனித்தேன். கம்பியைப் பிடித்து, ஒரு கால் வைத்து, அதே படியில் இன்னொரு காலையும் வைத்து, பிறகுதான் அடுத்த படிக்குப் போனார். அவர் யாரோடும் தோப்புக்கரணம் போடவில்லை.

"உங்களுக்கு என்னாங்க முட்டியில?"

"ஒண்ணுமில்ல. ரொம்ப நாளா இப்புடித்தான்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா, வேலய வுட்டுட்டு வந்துடுங்கன்னு நீ பொலம்புவ."

ஹெல்மெட் அக்காவை அதற்குப் பிறகு சில செவ்வாய்க்கிழமைகளில் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் ஒற்றை விரலைக் காட்டிச் சிரிப்போம். என் குழப்பங்கள் பெரும்பாலும் அன்றைக்கே தீர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் தீரவில்லை. இத்தனை வருஷமும் போனில் 'நல்லா இருக்கேன்' என்று அவர் சொல்ல, அவருக்காக நானும் சொல்ல, நான் சொல்வதால் அவரும் சொல்ல, தோப்புக்கரணம் மாதிரி மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருந்தோமே, எங்கள் இருவரில் யார் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போதும் படி இறங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

கோயிலுக்குப் போன மறுநாள், புதன்கிழமை, அவருடைய முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். படிகளில் நான் முன்பக்கமாகவே இறங்கினேன்.